வாடகை வீட்டுக்கு ஏழடி புத்தக அலமாரி எதற்கு?

வாடகை வீட்டில் இருப்பவன் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு புத்தக அலமாரி செய்யலாமா? செய்யலாம், செய்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி. அதிலும் மாற்றலாகிற உத்தியோகத்தில் இருப்பவன் சொந்த வீட்டுக்காரனைவிடக் கெட்டியாகச் செய்துகொள்ள வேண்டும்.

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர்கள் வீட்டுக்குப் போனால் பெரிய டிவி இருக்கும், அதற்கென்று ஒரு மேடை, சுவாமிக்கு நல்ல மண்டபம். தமிழ்ப் புத்தகம் எங்கே சார் என்றால், "பரண்ல அட்டைப்பெட்டியில இருக்கு, டிரான்ஸ்ஃபர் எப்ப வேணா வரும், எதுக்குப் பிரிக்கணும்?" என்பார்கள். மூன்று வருடத்துக்கு ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாற்றலுக்குள் பிள்ளை பள்ளிப்படிப்பில் பாதியை முடித்துவிடும். பெட்டி பிரிந்திருக்காது. உள்ளே இருப்பது தமிழ் என்றே பிள்ளைக்குத் தெரியாது.

இன்னொன்று. நம் வயதுக்காரர்களுக்கு ஊரில் அப்பா அம்மா வீட்டைக் காலி செய்கிற காலம் இது. வெண்கல உருளி யாருக்கு என்று சண்டை வரும், ஊஞ்சல் பலகை யாருக்கு என்று வரும். அப்பாவின் புத்தகம் யாருக்கு என்று சண்டை வந்து நான் பார்த்ததில்லை. "எங்க வீட்ல இடம் இல்லப்பா" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். பழைய பேப்பர்காரர் தராசோடு வந்துவிடுவார். பைண்டு செய்து வைத்த தொடர்கதையெல்லாம் கிலோ கணக்கில் போகும். இடம் இல்லை என்பது பாதி பொய். அலமாரி இல்லை என்பதுதான் நிஜம்.

வங்காளிகளைப் பாருங்கள். சின்ன வீடாக இருந்தாலும் கண்ணாடி போட்ட அலமாரி ஒன்று முன்னறையிலேயே நிற்கும். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அதைப் பார்த்துவிட வேண்டும் :-) கொஞ்சம் பெருமைதான், இருக்கட்டுமே. நாம் டிவியைக் காட்டுகிறோம், அவர்கள் இதைக் காட்டுகிறார்கள்.

சரி, செய்வது என்று ஆனபின் எப்படிச் செய்வது? கடையில் கிடைக்கிற பார்ட்டிகிள் போர்டு அலமாரி வேண்டவே வேண்டாம். முதல் மாற்றலில் கழற்றினால் திருகு பிடித்த ஓட்டை பொலபொலவென்று உதிரும், இரண்டாவது தடவை பிடிக்காது. ஈரம் பட்டால் உப்பும். கொல்கத்தா ஜூலை மாதத்தில் ஈரத்துக்குப் பஞ்சமா? தேக்கு (இங்கே சேகுன்) செய்ய முடிந்தால் சந்தோஷம், ஆனால் கனமும் விலையும் நம் போன்றவர்களுக்கு ஒத்துவராது. 18 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். ஐ.எஸ். 303 முத்திரை, அதில் பி.டபிள்யூ.ஆர். ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.

முக்கியமான விஷயம் தட்டின் நீளம். புத்தகம் என்பது நெல்மூட்டை மாதிரி; ஓரடி நீளத்துக்கு ஏழெட்டுக் கிலோ வந்துவிடும். 2 அடித் தட்டை 3 அடியாக்கினால் தொய்வு ஒன்றரை மடங்கு ஆகாது, ஐந்து மடங்கு ஆகும். நீளத்தின் நான்காம் அடுக்கில் அது ஏறுகிறது. கூட்டு வட்டி படித்தவர்களுக்கு இந்த பயம் சுலபமாகப் புரியும். ஆகவே 2 அடிக்கு மேல் தட்டு போடாதீர்கள். முன்விளிம்பின் அடியில் ஒன்றரை அங்குல ரீப்பர் ஒன்று ஒட்டித் திருகிவிட்டால் தொய்வு என்ற பேச்சே இல்லை.

என் கணக்கு இது: 2 அடி அகலம், 7 அடி உயரம், 1 அடிக்குச் சற்றுக் குறைந்த ஆழம். இப்படி மூன்று தனித்தனிக் கூடு. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி நட்டு போல்ட் போட்டு இறுக்கினால் 6 அடி அலமாரி. 8க்கு 4 அடி ஷீட் மூன்றே மூன்று போதும். ஒரு ஷீட்டை நீளவாக்கில் நான்காகக் கிழித்தால் மொத்தம் பன்னிரண்டு துண்டு. ஆறு பக்கப் பலகைக்கு, மீதி ஆறில் இருபத்துநாலு தட்டு. டெம்மி அளவுப் புத்தகம் எண்ணூறு தொள்ளாயிரம் நிற்கும். பின்பக்கத்துக்கு 6 மில்லிமீட்டர் பிளைவுட் அவசியம். அது இல்லாவிட்டால் அலமாரி பக்கவாட்டில் சாயும். மிச்சம் பிடிக்கிறேன் என்று மிஸ்திரி சொன்னால் கேட்காதீர்கள். தட்டை வெறும் ஆணியில் நிறுத்தவும் விடாதீர்கள். பிளைவுட்டின் விளிம்பில் ஆணி பிடிக்காது. அடியில் ரீப்பர் வைத்து ஃபெவிகாலும் திருகும் போடச் சொல்லுங்கள்.

தனித்தனிக் கூடாக இருந்தால்தான் படிக்கட்டுத் திருப்பத்தில் இறங்கும். 6 அடியில் ஒன்றாகச் செய்தால் வீட்டோடு விட்டுவிட்டு வர வேண்டியதுதான். சுவரில் இரண்டு எல் கிளாம்ப் கட்டாயம், குழந்தை ஏறினால் சாயக்கூடாது. வீட்டுக்காரர் முறைத்தால் காலி செய்யும்போது புட்டி வைத்து அடைத்துத் தருகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"எல்லாம்தான் போனிலேயே இருக்கே" என்பவர்களுக்கு ஒரு பதில். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, நானும் படிக்கிறேன். ஆனால் தேடுவதற்குப் பெயர் தெரிய வேண்டுமே! பெயரே தெரியாத பிள்ளை எதைத் தேடும்? சாப்பிடும்போது எதிரே தெரிகிற புத்தக முதுகில்தான் என் பெண் எழுத்துக்கூட்டப் பழகினாள். ழகரம் வந்தால் அம்மாவைக் கூப்பிடுவாள்.

செலவைப் பற்றி யோசிக்கிற சக வங்கிக்காரர்களுக்கு: மரச்சாமானுக்கு வருடா வருடம் தேய்மானம் எழுதிக் கடைசியில் ஒரு ரூபாயில் நிறுத்துவோமே, அதற்குப் பெயரும் புத்தக மதிப்புதான் :-)

கதவு, பூட்டு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தூசி வருமே என்றால், நமக்கு நவராத்திரியில் ஒரு சரஸ்வதி பூஜை, இவர்களுக்கு வசந்த பஞ்சமியில் ஒன்று. இங்கே இருக்கிறவரை வருடத்துக்கு இரண்டு தடவை எல்லாவற்றையும் இறக்கித் தட்டி வைக்கலாம். ராமபாணப் பூச்சித் தொல்லையும் அதில் குறையும். கரையானுக்கு மட்டும் அடியில் 4 அங்குலக் கால் வைத்து, சுவரிலிருந்து ஓரங்குலம் தள்ளி நிறுத்துங்கள்.