புள்ளிக் கணக்கை ரூபாய்க் கணக்காக்கிப் பாருங்கள்



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி ஓசூரிலிருந்து போன் செய்தாள். "சார், ஹாலிடே மெம்பர்ஷிப் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கோம். பாயின்ட்ஸ் முறையாம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். எடுக்கலாமா?" என்று கேட்டாள். இந்த வருடம் இதைக் கேட்ட மூன்றாவது ஆள் அவள். நானும் என் துணைவியாரும் இதே வாசல் வரை போய்த் திரும்பியவர்கள்தான். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலம் பொருட்காட்சியில் ஒரு கூப்பனில் பெயரும் போன் நம்பரும் எழுதிப் பெட்டியில் போட்டோம். பத்து நாளில் அழைப்பு வந்தது. பரிசு விழுந்திருக்கிறதாம், கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வர வேண்டுமாம். மலையிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, சேலத்தில் ஒரு பெரிய ஓட்டலுக்குப் போனோம். ஏசி அறை, காபி, கட்லெட். எங்கள் மகன் வயதுப் பையன் ஒருவன் எதிரே உட்கார்ந்தான். அப்பா, அம்மா என்றுதான் கூப்பிட்டான். தங்கமான பையன். இதை மனதாரத்தான் சொல்கிறேன்.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் கடைசியா எப்ப வெளியூர் போய்த் தங்கினீங்க?" என்று கேட்டான்.

துணைவியார் பதில் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை. விடைத்தாள், தேர்தல் பணி, மகன் படிப்பு என்று எல்லா விடுமுறையும் கழிந்துவிட்டது.

பிறகு திட்டத்தைச் சொன்னான். 15 வருட உறுப்பினர். வருடத்துக்கு 7,000 புள்ளி. சீசனில் ஒரு இரவுக்கு 1,000 புள்ளி, மற்ற நாளில் 500. விலை வரியோடு 4,20,000 ரூபாய். அன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் அந்த விலை, மறுநாள் 80,000 கூடிவிடும். இது தவிர பராமரிப்புக் கட்டணம் வருடத்துக்கு 16,000. போனாலும் கட்ட வேண்டும், போகாவிட்டாலும் கட்ட வேண்டும். வருடா வருடம் கூடவும் செய்யும்.

உங்களுக்கு வட்டிக் கணக்கு நடத்திய நான், உண்மையைச் சொல்கிறேன், பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். துணைவியார்தான் படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "ஏங்க, இதுல பாதிக்கு மேல மலையா இருக்கே. நம்ம மலைய விட்டு இறங்கி இன்னொரு மலைக்கு எதுக்குப் போகணும்? எனக்குக் கடல் பாக்கணும்" என்றார். பேனாவை வைத்துவிட்டு, நாளைக்குச் சொல்கிறோம் என்று எழுந்தோம். மேலாளர் வந்தார், இன்னொருவர் வந்தார். எழுந்து வரவே ஒரு மணி நேரம் ஆனது.

அன்று இரவு வீட்டில் கணக்குப் போட்டேன். புள்ளியை ஒதுக்கிவிட்டு ரூபாயில் போட்டேன்.

அந்த 4,20,000 ரூபாயை நான் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். நான் போட்டபோது வட்டி 8.2 சதவீதம். வருடத்துக்கு 34,440 ரூபாய் வருகிறது. அதோடு பராமரிப்புக் கட்டணமாகக் கட்ட இருந்த 16,000-ஐச் சேர்த்தால் 50,440. சீசனில் ஏழு இரவு என்றால் இரவுக்கு 7,200 ரூபாய்க்கு மேல். இதில் சாப்பாடும் பயணச் செலவும் சேரவில்லை. அதே 50,440 ரூபாயை என் கையிலிருந்தே செலவழித்து ஊர் சுற்றினால், 15 வருடம் கழித்து முதல் அப்படியே இருக்கும். அவர்களிடம் கொடுத்தால் எனக்கு 78 வயதாகும்போது கையில் ஒன்றும் இருக்காது. வட்டி குறையலாம், அறை வாடகை ஏறலாம். ஆனால் பராமரிப்புக் கட்டணமும் சேர்ந்துதானே ஏறும்?

அடுத்தது சீசன். இதைக் கரியாலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கல்வராயன் மலைக் கோடை விழா நாட்களில் இங்கே ஒரு அறை கிடைக்காது. படகுத்துறையில் நிற்க இடம் இருக்காது. விழா முடிந்து ஒரு மாதம் கழித்து வந்தால் மேகம் அருவியில் நீங்களும் தண்ணீரும்தான். எல்லா ஊரும் இப்படித்தான். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு மே மாதமும் தீபாவளி விடுமுறையும்தான் வேண்டும். அதே வாரத்தைத்தான் மற்ற உறுப்பினர்களும் கேட்பார்கள். பல மாதம் முன்னால் முந்திக்கொள்பவருக்குத்தான் அறை. மழை வந்தால் டவர் போய்விடும் ஊரில் இருந்துகொண்டு நான் யாரோடு முந்துவது? ஓய்வுபெற்ற எங்களுக்கோ எந்த மாதமும் விடுமுறைதான். கூட்டமில்லாத நாளில் போகலாம். அந்த நாளில் பாதிப் புள்ளிதான் என்று அவன் சொன்னது உண்மை. ஆனால் அந்த நாளில் வெளியிலேயே அறை மலிவாகக் கிடைக்கும். அதற்கு ஏன் 15 வருட வாடகையை முன்கூட்டிக் கட்ட வேண்டும்?

இந்தத் தொழிலே மோசடி என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் ஸ்டெர்லிங் 1986-லும் மகிந்திரா ஹாலிடேஸ் 1996-லும் தொடங்கின. இரண்டும் இன்றும் நடக்கின்றன. (நாங்கள் போனது இவை இரண்டும் அல்ல. பெயர் வேண்டாம்.) வருடம் தவறாமல் கிளம்பும் குடும்பம், பல மாதம் முன்னால் திட்டமிடும் பழக்கம், கடன் வாங்காமல் கட்டும் வசதி, இந்த மூன்றும் உள்ளவர்களுக்குப் பயன்படலாம். ஆனால் 15 வருடம், 25 வருடம் என்பது பெரிய காலம். உடம்பு மாறும், வேலை மாறும், நிறுவனமே கைமாறலாம். ஸ்டெர்லிங்கை 2014-ல் தாமஸ் குக் இந்தியா வாங்கியது. உறுப்பினர் கையெழுத்துப் போட்டது ஒருவரிடம், பிறகு பேச வேண்டியது இன்னொருவரிடம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். அதுவரை முன்பணம் வாங்கக் கூடாது. நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. விலகும் காலம் எத்தனை நாள் என்பதை ஒப்பந்தத்தில்தான் தேட வேண்டும். வாயால் சொன்னதை மட்டும் நம்பாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்கான ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பையன் கேட்ட கேள்வி நியாயமானது. பணத்தைக் கட்டிவிட்டால் கட்டிய பணத்துக்காகவாவது கிளம்புவோம் என்பதுதான் அந்தத் திட்டத்தின் உண்மையான பலம். துணைவியார் விரும்பியதும் அதைத்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் என் கணக்கு சரி, நான் தப்பு.

அதனால் மறுநாளே துணைவியார் பெயரில் அஞ்சலகத்தில் மாதம் 4,000 ரூபாய்க்குத் தொடர் வைப்பு தொடங்கினோம். அதோடு நிற்காமல், என் கைச்சேமிப்பிலிருந்து எடுத்து அந்த ஆடி மாதமே கன்னியாகுமரி போனோம். அரசு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு அங்கே இருக்கிறது. அதில் தங்க யாரும் உறுப்பினர் ஆக வேண்டியதில்லை. துணைவியார் இரண்டு நாளும் காலையும் மாலையும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலை, "அடுத்த வருஷம் ராமேஸ்வரம்" என்றார். சரி என்றேன்.

ஓசூர் மாணவியிடம், "இன்று மட்டும் வேண்டாம், நாளைக்கு முடிவு செய்" என்று மட்டும்தான் சொன்னேன். மறுநாள் விலையை இன்னும் குறைத்துக்கொள்வதாக அவர்களே போன் செய்தார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறையாவது கணவன் மனைவியாக, பிள்ளைகளோடு, எங்கேயாவது போய் வாருங்கள். என்னைப் போல ஓய்வுபெறும் வரை காத்திருக்காதீர்கள். மலைக்கு வருவதாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், சாமைச் சோறு ஆக்கி வைக்கிறோம். புள்ளி எதுவும் தேவையில்லை.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்