எண்ணிக்கையும் உண்மையும்

தாயகத்தில் ஆசிரியப்பணி புரிந்த காலத்தில், பாடசாலை வாயிலில் நின்றோரை அல்ல, வகுப்பில் அமர்ந்தோரையே வரவு இடாப்பிற் பதிந்தேன். நம் பள்ளி இணையத்தளத்தின் சேர்க்கைப் படிவத்துக்கும் அதுவே நியதி. கூகுள் அனலிற்றிக்ஸ் கணிப்பைப் பொத்தான் அழுத்துவதோடு இணைத்தால், பிழையால் ஏற்கப்படாத படிவமும் கணக்கிற் சேரும். ‘விண்ணப்பம் கிடைத்தது’ என்னும் பக்கம் தோன்றும்போதே எண்ணவேண்டும்.

இப்பணியில் உதவும் மூத்த மாணவர்களே! நிறைவான படிவம் ஒன்றும் குறையுள்ள படிவம் ஒன்றும் அனுப்பிச் சோதியுங்கள். ‘டிபக்வியூ’ திரையில் ஒன்றே பதிவாகவேண்டும். பள்ளியின் மின்னஞ்சலுக்கும் ஒன்றே வரவேண்டும். பிள்ளைகளின் பெயர்கள் அக்கணிப்புக்குச் செல்லலாகாது.

சோதியாத எண்ணிக்கையை நம்பி நாம் மகிழ்ந்திருக்கையில், தமிழ் கற்க விழைந்த பிள்ளையொன்று வாயிலிலேயே நின்றுவிடக்கூடும்.