தபாலில் வந்த பென்டிரைவ்
2015-இல் அமெரிக்க நெடுஞ்சாலையில் ஓடிய ஜீப்பை இரண்டு ஆய்வாளர்கள் வீட்டிலிருந்தே முடக்கிக் காட்டினார்களே, அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. 14 லட்சம் வண்டிகளுக்குத் திருத்தம் அறிவித்த ஃபியட் கிரைஸ்லர், புதிய மென்பொருளை பென்டிரைவில் போட்டு உரிமையாளர்களுக்குத் தபாலில் அனுப்பியது. அதே மாதிரி உறையில் வேறு யாராவது அனுப்பியிருந்தால்? உறையைப் பெறுகிறவருக்குத் தெரியாது, வண்டிதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்ப்பது மட்டும் போதாது. பென்டிரைவில் இருக்கும் கோப்பைச் சோதித்துவிட்டு, மறுபடி அதிலிருந்தே படித்து நிறுவினால், இடைப்பட்ட நொடியில் வேறு கோப்பை நீட்டும் கருவியைச் செய்துவிட முடியும். வண்டி முதலில் கோப்பைத் தன் நினைவகத்துக்குள் நகலெடுத்து, அந்த நகலைச் சோதித்து, அதையே நிறுவ வேண்டும். இதைச் செய்யாத வண்டியை விற்கவே அனுமதிக்கக் கூடாது.