தமிழைத் திருப்பிப் பிடித்தால் ஆங்கிலம் வரும்





சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது எமது பிள்ளைகளின் கைகளில் இரண்டு பட்டியல்களைக் காணலாம். ஒன்றில் கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷுட். மற்றதில் கிவ் அப், புட் ஓப், லுக் ஆஃப்டர், டேர்ன் டவுன் என்று நீளமான வரிசை, பக்கத்தில் தமிழ்க் கருத்து. இரண்டையும் பிள்ளை பாடமாக்கி வைத்திருக்கும். அந்தப் பிள்ளையிடம் ‘கூட்டத்தைத் தள்ளிப்போட வேண்டும்’ என்பதை ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். ‘மஸ்ட் டு புட் ஓப்’ என்று எழுதும். ‘தள்ளிப்போட்டிருக்க வேண்டும்’ என்று கேட்டால் பேனை நின்றுவிடும்.

இதற்குப் பிள்ளையைக் குறை சொல்வதில் பயனில்லை. இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. அவற்றைச் சந்திக்க வைக்கும் இடம் எமது தாய்மொழிதான் என்பது எமது கருத்து. ‘ஆங்கில பாடத்தில் தமிழ் கதைக்கவே கூடாது’ என்ற பிடிவாதத்தை இந்த ஒரு விடயத்திலாவது தளர்த்த வேண்டும்.

காரணத்தைப் பாருங்கள். ‘தள்ளிப் போட வேண்டும்’ என்பதில் மூன்று துண்டுகள் உள்ளன. ‘தள்ளி நில்’ என்று சொல்லும்போது வரும் அதே ‘தள்ளி’தான் ஆங்கிலத்தின் ஓப். ‘போட’ என்பது புட். ‘வேண்டும்’ என்பது மஸ்ட். தமிழ் வரிசை ஓப், புட், மஸ்ட். அதைப் பின்னாலிருந்து வாசியுங்கள்: மஸ்ட் புட் ஓப். வேலை முடிந்தது.

இன்னும் நீட்டிப் பார்ப்போம். ‘தள்ளிப் போட்டு இருக்க வேண்டும்’ என்பதைத் திருப்பினால் ஷுட் ஹாவ் புட் ஓப். ‘தள்ளிப் போடப் பட்டு இருக்க வேண்டும்’ என்பதைத் திருப்பினால் ஷுட் ஹாவ் பீன் புட் ஓப். ஐந்து துண்டுக்கு ஐந்து துண்டு, கண்ணாடியில் பார்த்ததுபோல. பேனை நின்றுபோன பிள்ளை தமிழில் இதை நாளாந்தம் பிழையில்லாமல் பேசுகிறது. அதற்குத் தெரிந்த ஒன்றைத்தான் நாம் தெரியாத ஒன்றாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

‘மஸ்ட் டு’ ஏன் வருகிறது என்பதும் இங்கேயே விளங்கும். ‘போட’ என்றால் ‘டு புட்’ என்று பிள்ளை முன்னரே படித்திருக்கிறது. கேன், மே, மஸ்ட், ஷுட் போன்றவை ‘டு’வை ஏற்பதில்லை, ஹாவ் டு, ஓட் டு இரண்டும் அதைக் கூடவே கொண்டுவரும். இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும். துணைவினைக்குப் பின் வரும் வினை மாறாமல் நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் ‘ஹி கேன் லுக்ஸ் ஆஃப்டர்’ என்ற பிழையும் போய்விடும்.

இந்தக் கண்ணாடி எல்லா இடத்திலும் வேலை செய்யாது. ‘அதை’ என்று வந்தால் ஆங்கிலம் அந்தச் சொல்லை நடுவில் செருகும்: மஸ்ட் புட் இட் ஓப். தமிழில் அப்படி இல்லை. கிவ் அப் என்றால் கைவிடுதல். அதில் கையும் இல்லை, அப் என்பதற்கு மேலே என்ற பொருளும் இல்லை. இப்படியானவற்றைப் பழக்கத்தால்தான் பிடிக்க வேண்டும். மத்ரஸாவில் அரபு படித்த பிள்ளைகளுக்கு இது புதிதும் அல்ல. ‘ரகிப’ என்ற வினையோடு ‘ஃபீ’ சேர்ந்தால் விரும்புதல். ‘அன்’ சேர்ந்தால் புறக்கணித்தல். சிறு சொல் ஒன்று முழுப் பொருளையும் புரட்டிவிடும் என்பதை அவர்கள் அரபில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். டேர்ன் டவுன் என்றால் சத்தத்தைக் குறைத்தலும் ஆகும், கேட்டதை மறுத்தலும் ஆகும் என்று சொன்னால் ஏன் மிரள வேண்டும்?

இது புள்ளிக்காக மட்டும் சொல்வதல்ல. ‘மஸ்ட்’ என்றால் வேண்டும், ஆகவே ‘மஸ்ட் நொட்’ என்றால் ‘வேண்டியதில்லை’ என்று நினைக்கும் பிள்ளை நாளை வைத்தியசாலையில் ஒரு துண்டை வாசிக்கும். ‘யூ மஸ்ட் நொட் டேக் ஓப்’ என்றால் காயக் கட்டைக் கழற்றவே கூடாது. ‘யூ டோன்ட் ஹாவ் டு டேக் ஓப்’ என்றால் கழற்றத் தேவையில்லை, கழற்றினாலும் பரவாயில்லை. தமிழில் ‘கூடாது’ வேறு, ‘வேண்டியதில்லை’ வேறு என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால் குழப்பம் தீர்ந்துவிடும்.

அரசியலமைப்பையே எடுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. இரண்டு இடத்திலும் ஆங்கிலப் பிரதியில் இருப்பது ‘ஷல்’. அது ‘மே’ என்று இருந்திருந்தால் உரிமை விருப்பமாகச் சுருங்கியிருக்கும். ஒரு துணைவினைக்கு அவ்வளவு பாரம் உண்டு.

எமது சமூகத்துக்கு இது இன்னும் நெருக்கமானது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர் முஸ்லிம்களுக்கு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். இதை ஆங்கிலத்தில் ஒருவருக்கு எழுத வேண்டிய பிள்ளை ‘வீ மூவ்ட் அவுட்’ என்று எழுதினால், நாமாக வீடு மாறிப் போனதுபோல் இருக்கும். ‘வீ ஹாட் டு மூவ் அவுட்’ என்றால் போக வேண்டியிருந்தது என்று வரும். ‘வீ வேர் டிரிவன் அவுட்’ என்றால்தான் துரத்தப்பட்டோம் என்று வரும். மீள்குடியேற்றம் பற்றி எழுதும்போதும் இதே கதைதான். ‘தே மே கோ பேக்’ என்பதில் அனுமதியோ ஊகமோ மட்டும் உண்டு. ‘தே ஷுட் பி ஏபிள் டு கோ பேக்’ என்பதில், திரும்பிப் போகக் கூடிய நிலை இருக்க வேண்டும் என்ற கோரிக்கை உண்டு. தமிழிலே ‘போகலாம்’ என்று ஒரே சொல்லில் அனுமதியையும் ஊகத்தையும் அழைப்பையும் அடக்கிவிடுகிறோம். ஆங்கிலத்தில் எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து எழுத வேண்டும். எமது கதையை எமது பிள்ளைகள் சரியான துணைவினையோடு எழுதாவிட்டால், வேறொருவர் தமக்கு வசதியான துணைவினையைப் போட்டு எழுதிவிடுவார்.

வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்து, இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிமாக உயர்ந்தார். பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தார். ஆங்கிலத்தில் அந்த உயரத்துக்குப் போனவர் ‘இலங்கையில் இஸ்லாம்’ என்ற நூலைத் தமிழில் எழுதினார். ஒரு மொழியை வளர்க்க மற்றதை வாசலுக்கு வெளியே நிறுத்தத் தேவையில்லை என்பதற்கு எமது மண்ணிலேயே சாட்சி இருக்கிறது.

எனவே சக ஆசிரியர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். கிழமைக்கு ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பலகையில் பிள்ளைகள் வீட்டில் பேசும் ஐந்து தமிழ் வசனங்களை எழுதுங்கள்: உம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், விளக்கை அணைத்திருக்கலாம், படிப்பைக் கைவிடக் கூடாது. வேண்டும், லாம், கூடாது என்பவற்றின் கீழே கோடு போடச் சொல்லுங்கள். கோடு போட்டதை வசனத்தின் முன்பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள். பெற்றோரே, பட்டியலை ஒப்புவிக்கச் சொல்லிப் பிள்ளையை வருத்துவதைவிட, அந்த ஐந்து வசனங்களையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

அல்லாஹ் எமது பிள்ளைகளின் அறிவை விசாலமாக்குவானாக.