வேரைப் பார்த்தபின் தீர்ப்பு

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் எங்கள் வீட்டுப் புல்தரை திட்டுத் திட்டாக மஞ்சளாயிற்று. தம்பி ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றவில்லை என்று அப்பாவிடம் சொல்லி அவனுக்குத் திட்டு வாங்கிக் கொடுத்தேன். புல்லைக் கிளறிய மைனாக்களையும் கல்லெறிந்து விரட்டினேன்.

தண்ணீர் ஊற்றியும் மஞ்சள் பரவியது. ஒரு நாள் அந்தப் புல்லைக் கையால் இழுத்தேன். பாயைச் சுருட்டுவது போல் வேரில்லாமல் வந்துவிட்டது! அடியில், பழுப்புத் தலையுடைய வெள்ளைப் புழுக்கள் அரைவட்டமாகச் சுருண்டு கிடந்தன. வண்டின் புழுக்களான இவை வேரைத் தின்பவை. மைனாக்கள் தேடியது இவற்றைத்தான்.

நீரின்றி வாடிய புல் இவ்வாறு எளிதில் பெயர்ந்து வராது. இலையின் ஓரம் கடிபட்டிருந்தால் அது இலை தின்னும் புழுவின் வேலை. சோப்பு நீர் ஊற்றினால் சில நிமிடங்களில் மேலே வந்துவிடும். காய்ந்த புல்மேல் மண்பூச்சு தெரிந்தால் கரையான்.

மஞ்சளைக் கண்டவுடனே பூச்சிமருந்தைத் தேடி ஓடுவது தவறு என்பதே என் கருத்து. சதுர அடிக்கு ஒன்றிரண்டு வேர்ப்புழுக்களைச் செழிப்பான புல் தாங்கிக்கொள்ளும். மருந்தோ மண்புழுவையும் கொல்லக்கூடும்.

தோழியரே, முதலில் குனிந்து வேரைப் பார்ப்போம். பிறகு தீர்ப்புச் சொல்வோம். தம்பியிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மைனாக்களிடம் எப்படிக் கேட்பேன்?