நூறு வரை சொன்னால் போதுமா?

"எங்கள் பிள்ளைக்கு நூறு வரை தெரியும்!"

பள்ளிக்கூடம் போகும் குழந்தை உள்ள வீடுகளில் இந்தப் பெருமைப் பேச்சைக் கேட்கலாம். விருந்தாளி வந்தால் போதும். குழந்தையை நடுக்கூடத்தில் நிறுத்துவார்கள். அது மூச்சு விடாமல் ஒப்பிக்கும். எல்லோரும் கை தட்டுவார்கள்.

சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பாருங்கள்.

ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டை எடுத்து வையுங்கள். "இதிலிருந்து பதினேழு கொட்டை எடுத்துக் கொடு, கண்ணு" என்று கேளுங்கள்.

நூறு வரை ஒப்பித்த பிள்ளையே இங்கே திணறலாம். ஒரே கொட்டையை இரண்டு தடவை எண்ணலாம். ஒன்றைத் தாண்டிப் போகலாம். பதினேழில் நிற்காமல், கிண்ணம் காலியாகும் வரை எண்ணிக்கொண்டே போகலாம்.

ஏன் இப்படி? எண்களைச் சொல்வது வேறு. பொருள்களை எண்ணுவது வேறு. முதலாவது பாட்டு மாதிரி. இரண்டாவதுதான் கணக்கு.

முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளை கணக்கில் என்ன கற்க வேண்டும்? தாய் தகப்பன் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. இந்த அடித்தளம் சரியாக விழாவிட்டால், மேலே எத்தனை மாடி கட்டினாலும் ஆடும்.

எண்ணுவதில் மூன்று சங்கதி

எண்ணுவது நமக்குச் சுலபம். அதனால் அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை.

அமெரிக்காவைச் சேர்ந்த ரோஷெல் கெல்மன், சார்லஸ் காலிஸ்டல் என்ற இரண்டு அறிஞர்கள், குழந்தைகள் எப்படி எண்ணுகிறார்கள் என்று ஆராய்ந்து 1978ஆம் ஆண்டு ஒரு புத்தகம் எழுதினார்கள். அவர்கள் சொன்னவற்றில் மூன்று முக்கியமானவை.

ஒன்று: ஒரு பொருளுக்கு ஓர் எண்தான்.

இரண்டு: எண்களின் வரிசை எப்போதும் மாறக் கூடாது.

மூன்று: கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம்.

மூன்றாவதைச் சோதிப்பது சுலபம். குழந்தை ஏழு மிட்டாயை எண்ணி முடித்ததும், "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். "ஏழு" என்று சொன்னால் சரி. மறுபடியும் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தால், 'ஏழு' என்பது மொத்தத்தின் பெயர் என்று அதற்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம்.

சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே இன்னொரு வேடிக்கையைக் காட்டினார். இரண்டு வரிசையாகக் காசுகளை வைக்க வேண்டும். இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றுதான். பிறகு ஒரு வரிசையை மட்டும் இழுத்துப் பரப்ப வேண்டும். "எதில் காசு அதிகம்?" என்று கேட்டால், நாலைந்து வயதுப் பிள்ளைகள் நீளமான வரிசையைக் காட்டும்! இடம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்ற அறிவு மெல்லத்தான் வருகிறது.

இது குழந்தையின் முட்டாள்தனம் அல்ல. வளர்ச்சியின் ஒரு படி. அடித்தால் இந்தப் படி சீக்கிரம் வந்துவிடாது. காசையும் கொட்டையையும் கையில் கொடுத்தால் வரும்.

அரசாங்கம் வைத்த இலக்கு

மத்திய அரசு 2021ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி 'நிபுண் பாரத்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்தறிவும் எண்ணறிவும் வர வேண்டும்; 2026-27க்குள் இதைச் சாதிக்க வேண்டும் என்று கெடு வைத்தது.

கணக்குக்கு அது வகுத்த இலக்குகள் இவை:

பள்ளிக்கு முந்திய வகுப்பில், 10 வரை எண்களை அடையாளம் கண்டு படிக்க வேண்டும்.

முதல் வகுப்பில், 99 வரை படிக்கவும் எழுதவும் வேண்டும். எளிய கூட்டலும் கழித்தலும் வர வேண்டும்.

இரண்டாம் வகுப்பில், 999 வரை எழுதப் படிக்க வேண்டும். 99 வரை உள்ள எண்களில் கழித்தல் வர வேண்டும்.

மூன்றாம் வகுப்பில், 9999 வரை எழுதப் படிக்க வேண்டும். எளிய பெருக்கல் கணக்குகளைப் போட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022 ஜூன் மாதம் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. கொரோனாவினால் ஒன்றரை வருஷத்துக்கு மேல் மூடிக் கிடந்த ஆரம்ப வகுப்புகள், 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. பிள்ளைகள் விட்டதைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆகவே, எந்த வகுப்பு என்று மட்டும் பார்க்காமல், பிள்ளைக்கு எது தெரியும் என்று பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடு!

இந்த இலக்குகளைப் பார்த்ததும், "இவ்வளவுதானா? எங்கள் பிள்ளை யூ.கே.ஜி.யிலேயே இதை எழுதுகிறதே!" என்று சிலர் சொல்வார்கள்.

அவசரப்படாதீர்கள். 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் படிப்பைச் சோதித்து வருகிறது. 2022ஆம் ஆண்டு, இந்தியக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நூறு பேரில் சுமார் 26 பேருக்குத்தான் கழித்தல் தெரிந்தது. 2024இல் அது சுமார் 34 ஆக உயர்ந்தது. முன்னேற்றம்தான். ஆனாலும் மீதி 66 பேர்?

அந்தப் பிள்ளைகள் நான்காம் வகுப்புக்குப் போகிறார்கள். அங்கே வகுத்தல் காத்திருக்கிறது. பிறகு பின்னம் வருகிறது. கழித்தல் தெரியாத பிள்ளைக்கு வகுத்தல் எப்படி வரும்? "எனக்குக் கணக்கு வராது" என்று அது தனக்குத் தானே முத்திரை குத்திக்கொள்கிறது. அந்த முத்திரையை அழிப்பது பிறகு வெகு கஷ்டம்.

பத்துதான் சாவி

முதல் மூன்று வகுப்புக் கணக்குக்கு ஒரே சாவி உண்டு. அதன் பெயர் பத்து.

தமிழ் நமக்கு இங்கே உதவி செய்கிறது. 'பதின்மூன்று' என்றால் பத்தும் மூன்றும். 'இருபது' என்றால் இரண்டு பத்து. பெயரிலேயே கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் 'லெவன்', 'டுவெல்வ்' என்று சொன்னால் அதில் பத்து தெரிவதில்லை. ஆகவே, உங்கள் பிள்ளை ஆங்கிலப் பள்ளியில் படித்தாலும், வீட்டில் தமிழிலும் எண்ணச் சொல்லுங்கள்.

தமிழிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. 'தொண்ணூறு' என்ற சொல்லுக்குள் நூறு ஒலிக்கிறது. 'தொள்ளாயிரம்' என்ற சொல்லுக்குள் ஆயிரம் ஒலிக்கிறது. இரண்டும் அதற்குக் குறைந்த எண்கள்! குழந்தை இங்கே தடுமாறினால் கோபிக்காதீர்கள்.

இன்னொரு தடுமாற்றம் எல்லோரும் பார்த்திருப்பது. 'நூற்றைந்து' எழுதச் சொன்னால் பிள்ளை 1005 என்று எழுதும். முதலில் 100, பக்கத்தில் 5. காதில் விழுந்தபடி எழுதிவிட்டது!

நம் முன்னோர்களும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார்கள். பழைய தமிழ் எண்களில் நூறுக்குத் தனிக் குறி உண்டு: ௱. ஐந்துக்கு ௫. நூற்றைந்து என்றால் ௱௫. நூறு, ஐந்து. அவ்வளவுதான்! அதில் பூஜ்யத்துக்கு வேலை இல்லை.

இன்று நாம் எழுதும் முறை வேறு. இதில் இடம்தான் மதிப்பு. வலது ஓரத்தில் இருந்தால் ஒன்றுகள். அதற்கு இடப்பக்கம் பத்துகள். அதற்கும் இடப்பக்கம் நூறுகள். "பத்து ஒன்றும் இல்லை" என்று சொல்லத்தான் 105இல் பூஜ்யம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பெரியவர்களே பல காலம் வேறு விதமாக எழுதியிருக்கும்போது, ஆறு வயதுக் குழந்தைக்கு இது ஒரே நாளில் புரியுமா?

கடன் அல்ல, சில்லறை!

42இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டும். பல பிள்ளைகள் 35 என்று விடை எழுதும். எப்படி வந்தது தெரியுமா? இரண்டில் ஏழு போகாது. ஆகவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து. நான்கில் ஒன்று போனால் மூன்று. விடை 35!

இதைத் திருத்த, "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளையும் கடன் வாங்குகிறது. ஆனால் வாங்கிய கடனை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை! ஏன் வாங்கினோம் என்றும் அதற்குத் தெரிவதில்லை.

உண்மையில் இது கடனே அல்ல. சில்லறை மாற்றுவது.

நான்கு பத்து ரூபாய் நோட்டையும் இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தையும் பிள்ளையின் கையில் கொடுங்கள். "எனக்குப் பதினேழு ரூபாய் கொடு" என்று கேளுங்கள். பிள்ளை முழிக்கும். கையில் ஏழு நாணயம் இல்லையே! "ஒரு நோட்டை மாற்றிக்கொள்" என்று சொல்லி, அதற்குப் பத்து நாணயம் கொடுங்கள். இப்போது பிள்ளையிடம் மூன்று நோட்டும் பன்னிரண்டு நாணயமும் இருக்கும். அதிலிருந்து ஒரு நோட்டும் ஏழு நாணயமும் கொடுத்தால் மீதி இரண்டு நோட்டு, ஐந்து நாணயம். இருபத்தைந்து!

அதன் பிறகு அதே கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். "இதோ, இங்கேதான் நோட்டை மாற்றினோம்" என்று தொட்டுக் காட்டுங்கள். புரிந்துவிடும்.

காசு இல்லாவிட்டால் ஈர்க்குச்சி போதும். பத்துப் பத்தாகக் கட்டி ரப்பர் போடுங்கள். கழிக்கும்போது ஒரு கட்டைப் பிரியுங்கள்.

சந்தைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

கையில் செய்வதையும் பலகையில் எழுதுவதையும் சேர்ப்பது ஏன் முக்கியம்?

நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ முதலியோர் டில்லியிலும் கொல்கத்தாவிலும் நடத்திய ஓர் ஆராய்ச்சி 2025ஆம் ஆண்டு வெளிவந்தது. சந்தையில் வியாபாரம் செய்யும் பிள்ளைகளைச் சோதித்தார்கள். எடை, விலை, மீதிச் சில்லறை எல்லாவற்றையும் அவர்கள் மனக்கணக்காகவே சொன்னார்கள். அதே பிள்ளைகளிடம் பள்ளிக்கூட பாணியில் எழுதிக் கொடுத்த கணக்கில் பெரும்பாலோர் தடுமாறினார்கள்.

பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் நேர்மாறு. எழுத்துக் கணக்கில் மேல். சந்தைக் கணக்கில் திணறல்!

இரண்டு பக்கமும் அறிவு இருக்கிறது. நடுவில் பாலம் இல்லை. அந்தப் பாலத்தை முதல் மூன்று வகுப்புகளில்தான் போட ஆரம்பிக்க வேண்டும்.

தாய்மார்களே, உங்களால் முடியும்!

"நான் படிக்காதவள். பிள்ளைக்கு எப்படிக் கணக்குச் சொல்லித் தருவேன்?" என்று பல தாய்மார்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

ஒதுங்காதீர்கள், அம்மா! காய்கறிக்காரரிடம் அரைக் கிலோ தக்காளியும் கால் கிலோ வெங்காயமும் வாங்கி, மீதிச் சில்லறையைச் சரி பார்க்கிறீர்களே, அது கணக்கு இல்லையா? உங்களுக்குத் தெரிந்த அந்தக் கணக்கைப் பிள்ளை காதில் விழும்படி வாய் விட்டுச் சொல்லுங்கள். அது போதும்.

சாப்பாட்டு வேளையில், "ஆறு பேர் சாப்பிட வேண்டும், நாலு தட்டு இருக்கிறது, இன்னும் எத்தனை வேண்டும்?" என்று கேளுங்கள்.

இட்லி வேகும்போது, "ஒரு தட்டில் நாலு குழி, மூன்று தட்டு, எத்தனை இட்லி?" என்று கேளுங்கள். பெருக்கல் அங்கேதான் பிறக்கிறது. வாய்ப்பாடு மனப்பாடம் செய்வது அவசியம்தான். ஆனால் 'முந்நான்கு பன்னிரண்டு' என்று ஒப்பிக்கும் பிள்ளைக்கு அந்தப் பன்னிரண்டு இட்லியும் கண்ணில் தெரிய வேண்டும்.

பல்லாங்குழியும் தாயமும் பரணில் கிடந்தால் எடுத்து வையுங்கள். அவை கணக்குப் பள்ளிக்கூடங்கள்.

பிள்ளை விரல் விட்டு எண்ணினால் தடுக்காதீர்கள். எட்டும் ஐந்தும் கூட்ட, முதலில் ஒன்றிலிருந்து எண்ணும். பிறகு எட்டை மனதில் வைத்து மேலே எண்ணும். அப்புறம் "எட்டுக்கு இரண்டு சேர்த்தால் பத்து, மீதி மூன்று, பதின்மூன்று" என்று தானே கண்டுபிடிக்கும். அந்த நாள் வந்ததும் விரல் தானாக மடங்கிவிடும்.

விடை தப்பானால், "எப்படி வந்தது? சொல்லு, ராசா" என்று கேளுங்கள். சரியாக வந்தாலும் அதையே கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலில் அதன் மனது தெரியும்.

பள்ளிக்கூடம் செய்ய வேண்டியது

"பாடம் முடிந்துவிட்டது" என்று சொல்வதில் பயன் இல்லை. "பிள்ளைக்கு வந்துவிட்டது" என்று சொல்ல வேண்டும். பின்தங்கிய பிள்ளையை அதன் நிலையிலிருந்தே கைப்பிடித்துத் தூக்க வேண்டும்.

இதை ஆசிரியர் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயம் அல்ல. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைக் கவனிக்கும் பள்ளிகள் பல இருக்கின்றன. திட்டத்துக்குப் பெயர் வைத்தால் மட்டும் போதாது, ஆள் வேண்டும். அரசாங்கம் அதைக் கவனிக்க வேண்டும்.

யூ.கே.ஜி. பிள்ளையை ஆயிரம் வரை எழுத வைத்துப் பெற்றோரிடம் காட்டும் பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. பிஞ்சிலே பழுக்க வைத்த பழம் இனிக்காது. நோட்டு நிறைந்தால் அறிவு நிறைந்தது என்று எண்ண வேண்டாம்.

இலக்குகள் சிறியவைதான். பத்தை அறிவது, கூட்டுவது, கழிப்பது, கொஞ்சம் பெருக்குவது. ஆனால் கூலியைச் சரி பார்ப்பதும், வட்டிக்காரனிடம் ஏமாறாமல் இருப்பதும், ரேஷன் கடையில் அளவு கேட்பதும் இவற்றின் மேல்தான் நிற்கின்றன. கணக்குத் தெரிந்த ஏழையை யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது.

மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் இந்தச் செல்வத்தை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பணம் தேவை இல்லை. ஒரு கிண்ணம் புளியங்கொட்டையும், தினம் கால் மணி நேரமும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.