நிறத்துக்கு இருக்கும் விலை

அமெரிக்க நடிகை எலன் ஹொலி 2023 டிசெம்பர் 6ஆம் திகதி தமது 92ஆவது வயதில் காலமானார். தமிழ் வாசகர்களில் அநேகர் அறியாத பெயர். ஆயினும், நாள் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு மாலையில் தொலைக்காட்சி நாடகங்களின் முன் அமரும் ஹட்டன், நுவரெலியாத் தோட்டப் பெண்களை எண்ணும்போது அவருடைய வாழ்க்கை நமக்கும் பாடமாகிறது.

அமெரிக்கப் பகல்நேரத் தொடர்கள் சவர்க்கார நிறுவனங்களின் விளம்பரப் பணத்தில் வளர்ந்தவை. 'சோப் ஒபெரா' என்ற பெயரே அப்படி வந்ததுதான். அவற்றில் முக்கிய பாத்திரம் ஏற்ற முதல் கறுப்பின நடிகை என்று கூறப்படுபவர் ஹொலி. 1968இல் ஏ.பி.சி. தொலைக்காட்சியின் 'வன் லைஃப் டு லிவ்' தொடரில், தன்னை வெள்ளையினத்தவளாகக் காட்டிக்கொண்டு வாழும் கறுப்பினப் பெண்ணாக அவர் தோன்றினார். அந்த இரகசியம் வெளிப்பட்டபோது தொடரின் புகழ் உயர்ந்தது. ஆனால், தமக்கு உரிய ஊதியமும் மரியாதையும் கிடைக்கவில்லை என்று 1996இல் வெளியான தன்வரலாற்றில் அவர் எழுதினார். 1985இல் தொடரிலிருந்து நீக்கப்பட்ட அவர், பிற்காலத்தில் நூலகமொன்றில் பணிபுரிந்தார். கதையில் நிறத்துக்கு இருந்த விலை நடிகைக்கு இருக்கவில்லை.

நம் வீட்டுத் திரைக்கு வருவோம். லயன் கூரைகளின் மேல் நிற்கும் டிஷ் அன்ரெனாக்கள் தமிழகத் தொடர்களை மலையகத்துக்குக் கொண்டுவருகின்றன. விஜய் தொலைக்காட்சியின் 'பாரதி கண்ணம்மா' 2019இல் தொடங்கியது. கறுப்பாயிருப்பதால் மாமியாரின் வெறுப்புக்கு ஆளாகும் மருமகளின் கதை அது. 2021இல் சன் தொலைக்காட்சியில் வந்த 'சுந்தரி', நிறத்தைக் காட்டிக் கணவன் ஒதுக்கிய கிராமத்துப் பெண் மாவட்ட ஆட்சியராக உயரும் கதை. கேப்ரியல்லா செல்லஸ் தம் இயல்பான நிறத்தோடு அதில் கதாநாயகியானார். பாலாவின் 'பரதேசி' (2013) தேயிலைத் தோட்டக் கொத்தடிமைகளின் துயரைச் சொன்ன படம். அதிலும் கதாநாயகி வேதிகாவுக்குக் கருமை பூசித்தான் நடிக்க வைத்தார்கள்.

கறுத்த பெண் கதாநாயகியாவது முன்னேற்றந்தானே என்று கேட்பார்கள். முன்னேற்றந்தான், மறுக்கவில்லை. ஆனால் அவள் திரைக்கு வரவேண்டுமானால் முதலில் நிறத்துக்காக இழிவுபட வேண்டும், அழவேண்டும், பின்னர் கலெக்டராகித் தன்னை நிரூபிக்க வேண்டும். சிவந்த நாயகிக்கு இத்தகைய நிபந்தனை எதுவும் இல்லை. அவள் காதலிக்கலாம், கோபப்படலாம், வெறுமனே வாழலாம்.

இதற்குப் பின்னால் வணிகமும் உண்டு. 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற முகப்பூச்சு 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. 2020இல் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. அதன் உரிமையாளரான யுனிலீவர் குழுமமே, 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கையில் தோட்டங்கள் வாங்கிக் கட்டியெழுப்பிய தேயிலை வணிகத்தையும் நெடுங்காலம் நடத்தியது. 2022இல்தான் தேயிலை வணிகத்தின் பெரும்பகுதியை விற்றது. வெயிலில் நின்று கறுத்த கை பறித்த கொழுந்திலும் இலாபம், அந்தக் கறுப்பைப் போக்குவதாகச் சொன்ன பூச்சிலும் இலாபம்!

அதே 1975இல்தான் வி.பி. கணேசன் மலையகத் தொழிலாளரின் வாழ்வைச் சொல்லும் 'புதிய காற்று' திரைப்படத்தைத் தயாரித்து நடித்தார். 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமைக்காக மக்கள் இன்னும் காத்திருந்த காலம் அது. குறைந்த வசதிகளோடு அவரால் முடிந்தது, இன்று இத்தனை அலைவரிசைகள் வைத்திருப்போருக்கு முடியாத காரியமா?

2023இல் மலையக மக்கள் வருகையின் 200 ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்தோம். அம்மக்களின் மகள் ஒருத்தி நாள்தோறும் ஒளிபரப்பாகும் தொடரில் நாயகியாக வரட்டும். அவள் ஆசிரியையாகவோ, தொழிற்சங்கத் தலைவியாகவோ, கொழுந்து பறிப்பவளாகவோ இருக்கட்டும். ஆனால், அத்தனை அத்தியாயங்களிலும் அவள் நிறத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசாதிருக்கட்டும். அந்த நாடகத்தைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன்.